லிட்டில் இங்கிலாந்தில் ஒரு மனை

ஓசூர் பக்கத்துத் தளிக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்றொரு செல்லப் பெயர் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரம், இதமான காற்று, ராகிக் கொல்லைகள், ரோஜா வளரும் பசுமைக் குடில்கள். மனை விற்பவருக்கு வேறென்ன வேண்டும்? ஓசூர் வட்டாரத்தில் ரோமாபுரித் தூண்களோடு நுழைவு வளைவுகள் முளைக்கின்றன. உள்ளே கல் நட்ட பொட்டல்தான் இருக்கும். வாசலில் சீருடைக் காவலாளி மட்டும் தவறுவதில்லை.

பெங்களூரு பணம் எல்லை தாண்டியதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்க, கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் 2020 வரை குறுக்கே நின்றன. ஆனேக்கல்லைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அந்தத் தடை இல்லை. ‘பண்ணை மனை’ விலைபோனது அப்படித்தான்.

ஆனால் பண்ணை மனை என்பது காகிதத்தில் விவசாய நிலம். அதைக் குடியிருப்பு மனைகளாகப் பிரிக்க நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை போட்டது; மறு வருடம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். வில்லங்கச் சான்று போட்டு, பட்டாவையும் புலப்படத்தையும் ஒத்துப்பார்க்கக் கொஞ்சம் அலைய வேண்டும். கார் வாங்க ஆறு மாதம் ஆராய்கிற படித்தவர்கள், பவர் பத்திரத்தின் ஜெராக்ஸைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. தூண் அவ்வளவு நம்பிக்கை தருகிறது போலும்.

‘காட்டைப் பார்த்த வீடு’ என்றால் கூடுதல் விலை. அந்தக் காட்டின் வழியாகத்தான் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரிக்கு யானைகள் இறங்குகின்றன, அதுவும் ராகி முற்றும் பருவத்தில். இப்பகுதிக் காடுகளைச் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமே அறிவிக்கப்பட்டது. வண்ண விளம்பரத்தில் மயில் இருக்கும், யானை இருக்காது. ‘ஆற்றோர மனை’யும் இப்படித்தான். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பனிபோல் பொங்கும் வெண்ணுரை, தென்பெண்ணையில் கலந்து வரும் பெங்களூருக் கழிவு.

எந்தப் போர்வெல் பங்குனியில் காய்கிறது, எந்தச் சரிவில் யானை இறங்குகிறது என்பதெல்லாம் பக்கத்து ராகிக் கொல்லைக்காரருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார். மனை காட்டக் கூட்டிப்போகும் தரகர் அங்கே மட்டும் காரை நிறுத்துவதில்லை.