மலைமேல் ஒரு நகரம்

நுழையும்முன்

ஓர் ஊரை அறிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அதன் நிலத்தைப் படிப்பது ஒன்று. அங்கு வாழும் மக்களை எண்ணிப் பார்ப்பது மற்றொன்று. நிலம் இடம் தரும் அளவுக்கே மக்கள் பெருக முடியும். மக்கள் வாழும் முறைக்கேற்பவே நிலமும் நிலைக்கும். நிலத்திற்கும் மக்களுக்கும் உள்ள இந்த உறவைத் தெளிவாகக் காட்டும் ஊர் கொடைக்கானல்.

பழனிமலைத் தொடர்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து நீளும் கிளையே பழனிமலைத் தொடராகும். இது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீட்டரும் பரந்துள்ளது. மேற்கே ஆனைமலையோடு இணையும் இத்தொடரின் வடக்கே பழனிச் சமவெளி விரிகிறது. தெற்கே பெரியகுளம் வட்டாரச் சமவெளி அமைந்துள்ளது.

இம்மலைத்தொடரை மேல்மலை, கீழ்மலை என இரண்டாகப் பகுப்பர். கிழக்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களைக் கொண்ட கீழ்மலையில் காப்பியும் மலைவாழையும் விளைகின்றன. மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் ஆகிய ஊர்களைக் கொண்ட மேல்மலையில், சரிவுகளைப் படிகளாகத் திருத்தி மலைப்பூண்டும் கிழங்கும் பயிரிடுகின்றனர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், மேல்மலையின் தென்விளிம்பை ஒட்டிக் கொடைக்கானல் நகரம் அமைந்துள்ளது.

குளிரும் நீரும்

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை செல்சியசு குறையும் என்பது புவியியல் பொதுவிதி. ஆகவே, அடிவாரத்தில் கோடை சுட்டெரிக்கும்போது கொடைக்கானலில் இதமான குளிர் நிலவுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் இம்மலை மழை பெறுகிறது. எனினும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும் மழையே மிகுதி.

பெய்த மழையைத் தேக்கிவைப்பன சோலைக்காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளுமே. மடிப்புகளில் அடர்ந்திருக்கும் சோலைகளின் மட்கிய மண், பஞ்சுபோல நீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகிறது. வடக்கே இறங்கும் சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு ஆகியன அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்கின்றன. தெற்கே இறங்கும் வராகநதியும் மஞ்சளாறும் வைகையை வளப்படுத்துகின்றன. மலையில் ஒரு சோலை அழிந்தால், சமவெளியில் ஒரு வயல் காய்வதற்கு அது காரணமாகும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இப்புல்வெளிகளுக்கு உரியது. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது இங்கு மலர்ந்தது. ஆங்கிலேயர் காலந்தொட்டு நடப்பட்ட தைலமரம், சவுக்குப் போன்ற வேற்றுநில மரங்கள் புல்வெளிகளின் பரப்பைப் பெரிதும் சுருக்கிவிட்டன.

ஊரின் தோற்றம்

சங்க இலக்கியங்கள் கோடை என்னும் மலையையும் அதன் தலைவன் கடிய நெடுவேட்டுவனையும் குறிப்பிடுகின்றன. அம்மலை இப்பகுதியே என்பர் அறிஞர். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் பேகன் ஆண்ட நாடும் பழனியைச் சார்ந்ததே. தாண்டிக்குடி முதலிய இடங்களில் காணப்படும் பெருங்கற்காலக் கல்திட்டைகள், மக்கள் இங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்துவருவதைக் காட்டுகின்றன. பளியரும் புலையரும் இம்மலையின் முதுகுடிகள். ஆகவே, மலை பழமையானது. அதன் சிற்றூர்களும் பழமையானவை. நகரம் மட்டுமே புதியது.

1821ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கில அலுவலர் இப்பகுதியை அளந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்களுக்கும் தப்ப இடம் தேடி, 1845ஆம் ஆண்டில் இங்கு இரண்டு வீடுகளைக் கட்டினர். இந்தியாவின் மலை வாழிடங்கள் பலவும் ஆங்கிலேயர் நிறுவியவை. கொடைக்கானலோ அமெரிக்கர் தொடங்கியது. 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியர் வெர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். 1899ஆம் ஆண்டில் ஊர் நகராட்சியாயிற்று. பின்னர் மலைச்சாலை அமைந்ததும் குதிரையிலும் பல்லக்கிலும் ஏறிவந்த காலம் மாறி, வண்டிகள் வரத் தொடங்கின.

தெரிந்து தெளிவோம்

கொடைக்கானலின் உயரமும் தூய வானமும் கதிரவனை ஆராய ஏற்றவை. இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் பணியாற்றிய சான் எவர்செட், சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அந்நிகழ்வு அவர் பெயராலேயே ‘எவர்செட் விளைவு’ என வழங்குகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானலின் மக்கள்தொகை 1,912. ஒரு நூற்றாண்டுக்குப்பின், 2001ஆம் ஆண்டில் அது 32,931 ஆகவும், 2011ஆம் ஆண்டில் 36,501 ஆகவும் உயர்ந்தது. நூற்றுப்பத்து ஆண்டுகளில் பத்தொன்பது மடங்கு பெருக்கம்!

எனினும், கடைசிப் பத்தாண்டின் வளர்ச்சி ஏறத்தாழ 11 விழுக்காடுதான். அதே காலத்தில் தமிழகத்தின் வளர்ச்சி 15.6 விழுக்காடு. வீடு கட்டத் தகுந்த சமநிலம் குறைவு; சுற்றிலும் காடு, சரிவு, பள்ளத்தாக்கு. நிலம் தன் எல்லையைத் தானே உணர்த்துகிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மேலும் சில செய்திகளைத் தருகிறது. ஆயிரம் ஆண்களுக்கு 1,004 பெண்கள் இந்நகரில் வாழ்ந்தனர். தமிழக அளவில் இவ்வெண் 996. எழுத்தறிவு 89.5 விழுக்காடு, தமிழக அளவைவிட இது மிகுதி. இந்துக்களும் கிறித்தவர்களும் இசுலாமியரும் கலந்து வாழ்கின்றனர்.

இம்மக்கள் ஒரே காலத்தில் வந்தவர்கள் அல்லர். முதுகுடிகள், சமவெளியிலிருந்து ஏறிய உழவர், கட்டட வேலைக்கும் வணிகத்திற்கும் வந்தோர் எனப் பலரும் இதிற் கலந்துள்ளனர். 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்திற்குப்பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலரும் கொடைக்கானல் பகுதியில் குடியேறினர். ஒரு மலையில் தேயிலை பறித்த கைகள் மற்றொரு மலையில் புதுவாழ்வு தேடின.

கணக்கில் வராத கூட்டம்

நம் நாட்டின் கணக்கெடுப்பு மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டது. அந்நாளில் கொடைக்கானலில் கோடைக்கூட்டம் தொடங்கியிராது. ஆகவே, 36,501 என்பது ஊரில் குடியிருப்போரின் எண்ணிக்கை மட்டுமே. மே மாதத்தில் ஊர் சுமக்கும் மக்களின் எண்ணிக்கை அன்று. 1901ஆம் ஆண்டின் எண்ணைக் குறித்தோரும், கோடையில் மக்கள் இதனினும் மிகுதியாக இருப்பர் என்று சேர்த்தே எழுதினர்.

குடியிருப்போருக்கென அளவிட்ட குடிநீரையும் சாலையையும் விருந்தினர் பகிர்ந்துகொள்கின்றனர். குப்பையை விட்டுச் செல்கின்றனர். அதே விருந்தினரால்தான் விடுதிப் பணியாளரும் வண்டி ஓட்டுநரும் பழ வணிகரும் ஆண்டு முழுவதும் உண்கின்றனர். வரவேற்றாலும் துன்பம், தடுத்தாலும் துன்பம் என்பதே இவ்வூரின் சிக்கல்.

இதற்குத் தீர்வு காண, வருவோரை முதலில் எண்ண வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024ஆம் ஆண்டு மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் வெளியூர் வண்டிகள் இணையவழி அனுமதிச்சீட்டுப் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டுகளாகக் கணக்கில் வராத கூட்டத்தைக் கணக்கிற் கொண்டுவரும் முயற்சி இது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஆய்ந்து, அதற்கேற்ப வருகையை வகுப்பதே அடுத்த படியாகும். ஓடையில் நீரும் புல்வெளியில் குறிஞ்சியும் இருக்கும்வரைதான் அங்கு வாழ்வோருக்கும் அங்கு செல்வோருக்கும் அம்மலை பயன்தரும்.