வீட்டினுள் ஒரு சிறு கடல்

குளம் கட்டுவோர் அணையை உயர்த்துவதற்கு முன்னரே வான் எவ்விடத்திற் பாய வேண்டும் என்பதை முடிவு செய்வர். மிகை நீருக்கு வழி வைக்காத குளம் எத்துணை உறுதியாகக் கட்டப்பட்டதாயினும் ஒருநாள் உடைப்பெடுக்கும். வீட்டு மண்டபத்திற் கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடல்மீன் வளர்க்க விரும்புவோரும் இவ்வுண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். மீனைத் தெரிவு செய்வதற் செலவிடும் கவனத்திற் பாதியையேனும் குழாய்களைத் திட்டமிடுவதிற் செலவிட்டால், மீனும் பிழைக்கும். வீட்டுத் தரையும் பிழைக்கும்.

அழகிய கடல்நீர்த் தொட்டிகள் பலவற்றின் கீழே, பார்ப்போர் கண்ணிற் படாமல், இன்னொரு தொட்டி இருக்கும். மேற்றொட்டியின் ஓரத்திலுள்ள தடுப்பின் மேலாக நீர் வழிந்து, குழாய் வழியே கீழ்த்தொட்டியை அடைகிறது. அங்கே அழுக்கு நீக்கப்பெற்றுப் பம்பினால் மீண்டும் மேலேற்றப்படுகிறது. இதனால் மொத்த நீரின் அளவு பெருகுகிறது. ஆகவே உப்பின் செறிவும் வெப்பமும் சட்டென மாறுவதில்லை. நீரின் மேற்பரப்பிற் படியும் எண்ணெய்ப் படலமும் வழிந்து நீங்குகிறது.

இம்முறை இக்காலத்தார் கண்ட புதுமையன்று. 1871ஆம் ஆண்டு இலண்டனிலே கிறிஸ்டல் பேலஸில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்தை அமைத்த வில்லியம் அல்போர்ட் லொயிட் என்பார், காட்சித் தொட்டிகளிற் கொண்டதினும் பன்மடங்கு கடல்நீரை இருண்ட நிலத்தடித் தேக்கத்தில் வைத்து, அதனை இடையறாது சுற்றி ஓடச் செய்தார்.

நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். திட்டத்தின் குறை வெளிப்படுவது ஓட்டம் தடைப்படும்போதுதான். எனவே, தொட்டி அமைப்போர் இரு வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணல் வேண்டும்.

முதலாவது வினா: மின்சாரம் நின்றால் என்ன நிகழும்? 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நம் நாட்டவர்க்கு இது கற்பனை வினாவன்று. பம்பு நின்றதும் மேலிருந்து நீர் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை மாணவரும் கணக்கிடலாம்.

மேற்றொட்டி 120 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உடையது என்போம். நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 5.4 லீற்றர் நீர் கீழே வரும். தடுப்பின் விளிம்புக்கு மேல் 2 சென்ரிமீற்றர் நீர் நின்றால், 10.8 லீற்றர் இறங்கும். ஆனால், நீரை மேலேற்றும் குழாயின் வாய் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்குமாயின், அக்குழாயே சைபனாக மாறித் தன் வாய் காற்றிலே தெரியும்வரை நீரை இழுத்துவிடும். அப்பொழுது இறங்குவது 43.2 லீற்றர்!

கீழ்த்தொட்டி 75 சென்ரிமீற்றர் நீளமும், 40 சென்ரிமீற்றர் அகலமும், அவ்வளவே உயரமும் கொண்டது. அதில் 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் ஓடுகிறது என்க. எஞ்சிய இடம் 45 லீற்றர் மாத்திரமே. குழாய்களிலும் தடுப்பறையிலும் உள்ள நீர் இன்னும் சில லீற்றர் சேர்ந்தால் வீடு நனையும். குழாயின் வாயை 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உயர்த்திவிட்டால் அபாயம் நீங்கும். ஒருவழி வால்வை மட்டும் நம்புதல் தகாது. கடலுயிர்கள் அதனுட் பற்றி வளர்ந்து, அது முற்றாக மூடாதபடி செய்துவிடும்.

இரண்டாவது வினா: வடிகுழாய் அடைபட்டால் என்ன நிகழும்? ஒரு நத்தையோ பாசித்திரளோ அதற்குப் போதும். பம்போ நிலைமை அறியாது தன்னறையிலுள்ள நீரை மேலே தள்ளிக்கொண்டேயிருக்கும். அவ்வறையில் 25 லீற்றர் இருந்தால் மேற்றொட்டியின் மட்டம் 4.6 சென்ரிமீற்றர் உயரும். ஆகவே, வழக்கமான நீர்மட்டத்துக்கு மேல் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும். அதனோடு, எந்நாளும் வறண்டே இருக்கும் அவசர வடிகுழாய் ஒன்றையும் சற்று உயரத்தில் அமைத்தல் நன்று. தன் பாரத்தால் மாத்திரம் இறங்கும் நீருக்கு, பம்பு ஏற்றும் குழாயிலும் அகன்ற குழாய் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

குழாய்களும் மூட்டுகளும் பிளாஸ்ரிக்காலானவையாகவே இருத்தல் வேண்டும். பித்தளையிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சாகும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், மின்செருகிகளை நீர் தெறிக்காத உயரத்தில் அமைக்க வேண்டும். மின்கம்பி செருகியை அடையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து செல்லட்டும். வழியும் துளி அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நீரோட்டம் நின்றால் மீன்களுக்கு உயிர்வாயுவும் குறையுமாதலால், மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பொன்றும் அருகிருக்க வேண்டும்.

மீனை வாங்குமுன், தொட்டியிற் சாதாரண நீரை நிரப்பிப் பம்பை இயக்குங்கள். பின்பு அதனை நிறுத்திவிட்டு, கீழ்த்தொட்டியில் நீர் எதுவரை உயர்கிறது என்று பாருங்கள். மீண்டும் இயக்கி, வடிகுழாயை வேண்டுமென்றே அடைத்துப் பாருங்கள். இரு சோதனைகளிலும் ஒரு துளியேனும் தரையில் விழாதாயின், பம்பு ஓடும்போது கீழ்த்தொட்டியில் நீர் நிற்கும் மட்டத்தைக் கோடிட்டுக் குறியுங்கள். அக்கோட்டைத் தாண்டி ஒருபோதும் நீர் நிரப்பலாகாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள். அதன் பின்னரே மீன் வாங்கப் புறப்படலாம்.