உள்ளே மிஷின், மேலே முகம்

காலையில் காபி தம்ளரைத் தொடுவதற்கு முன்பே அப்பா வாட்சுக்குச் சாவி கொடுத்துவிடுவார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தச் சின்னத் திருகைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுவார். இருபது, இருபத்தைந்து தடவை இருக்கும். போதும் என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். எங்களைத் தொட விட்டதே இல்லை. "மேல முறுக்கினா ஸ்ப்ரிங் அறுந்துடும்டா." எச்.எம்.டி. பைலட். கறுப்பு டயல், வெள்ளை எண்கள். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது.

அன்றைக்கு வாட்ச் என்பது தேர்ந்தெடுக்கும் பொருள் அல்ல; கிடைக்கும் பொருள். மாப்பிள்ளைக்கு ஒன்று, பரீட்சையில் தேறிய பையனுக்கு ஒன்று, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு மாலையோடு ஒன்று. வெளிநாட்டு வாட்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் சென்னை பர்மா பஜாருக்குப் போய்ப் பேரம் பேசினார்கள். மற்றவர் கைகளில் எல்லாம் எச்.எம்.டி.

மிஷின் டூல் செய்துகொண்டிருந்த அந்த அரசு நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய இறங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர் என்று பெயர்களில் மட்டும் ஊர் வாசனை வீசும். டயலில் பெரிய வித்தை எதுவும் இருக்காது. வட்டம், கோடு, முள், அவ்வளவுதான். அலுப்பாக இருக்கிறதே என்று அன்று நானும் நினைத்தேன். இப்போது ஒரு பழைய ஜனதாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஒரு கோடு கூடுதலாக இல்லை, ஒன்று குறையவும் இல்லை. எல்லோர் கையிலும் இருந்ததால் அதன் அழகு கண்ணில் படவில்லை.

புதுமையே இல்லாமலும் போகவில்லை. பார்வையற்றோருக்கென்று எச்.எம்.டி. ஒரு பிரெய்ல் வாட்ச் செய்தது. கண்ணாடி மூடி கீல் வைத்துத் திறக்கும். உள்ளே புள்ளிகள் எழும்பி நிற்கும். முள்ளை விரலால் தடவி மணி சொல்லலாம். இன்று 'வித்தியாசமான டிசைன்' என்று விலை பேசும் பல வாட்சுகளைவிட அதில் யோசனை அதிகம்.

எண்பதுகளில் காற்று மாறியது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. சாவி கொடுக்கும் மிஷினை விட்டுவிட்டு அவர்கள் குவார்ட்ஸில் நின்றார்கள். வாட்சை நகைபோலக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, விளக்குப் போட்டு விற்றார்கள். டி.வி.யில் வந்த அந்த விளம்பர இசை மொசார்ட்டின் 25-வது சிம்பொனி என்பது தெரியாமலேயே நாங்கள் தெருவெல்லாம் முணுமுணுத்துத் திரிந்தோம். என்னிடம் 'எது பிடிச்சிருக்கு?' என்று ஒரு கடைக்காரர் வாட்சைக் காட்டிக் கேட்டது அப்போதுதான் முதல் தடவை.

ஓசூரின் உண்மையான கெட்டிக்காரத்தனம் டயலில் இல்லை, உள்ளே இருந்தது. 2002-ல் வந்த 'எட்ஜ்' வாட்சின் மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர். அதனுள் ஓடும் மிஷின் 1.15 மில்லிமீட்டர், நம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லை. இத்தனைக்கும் தண்ணீர் புகாது. மெலிசாக்கினால் மூடி விசையைத் தாங்காது, கண்ணாடி வளையும், முள்கள் ஒன்றோடொன்று உரசும். இத்தனை தொல்லையையும் சமாளித்துவிட்டு, மேலே ஒன்றுமே நடக்காததுபோல ஒரு வெற்று டயலை வைத்தார்கள். இந்த ஊர் செய்த வாட்சுகளில் எனக்கு மிகவும் பிடித்த அடக்கம் அது.

எச்.எம்.டி. தேய்ந்தது. அதன் வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்றதும் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய பைலட்டுகளுக்கு யோகம் அடித்தது.

இன்று மணி பார்க்க யாருக்கும் வாட்ச் வேண்டாம், செல்போன் போதும். அந்த வேலை போனபிறகுதான் வாட்ச் முகங்களுக்கு விடுதலை கிடைத்தது என்று நினைக்கிறேன். நிருபேஷ் ஜோஷி, மெர்சி அமல்ராஜ் தம்பதி நடத்தும் பெங்களூர் வாட்ச் கம்பெனி முதலில் தேவநாகரி எண்கள் போட்டு ஒரு வாட்ச் கொண்டுவந்தது. பிறகு மிக்-21 போர்விமானத்தை மனதில் வைத்து ஒன்று, கிரிக்கெட்டுக்காக ஒன்று, விண்வெளிக்காக ஒன்று. அந்த விண்வெளி வாட்சில் ஒரு வகைக்கு விண்கல்லைச் சீவி டயலாக வைத்திருக்கிறார்கள். ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனியோ பழைய நாணயங்களையும் தபால்தலைகளையும் டயலில் பதிக்கிறது. தாத்தா செலவழித்த காசில் பேரன் மணி பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஜனதா காலத்தில் முகம் யாருடையதோ, ஆனால் சக்கரமும் ஸ்ப்ரிங்கும் பெங்களூரில் அடித்தவை. இன்றைய சின்ன நிறுவனங்களின் வாட்சில் முகம் நம்முடையது. உள்ளே துடிப்பது பெரும்பாலும் ஜப்பான் மிஷின் அல்லது சுவிஸ் மிஷின். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மிஷின் செய்யத் தேவைப்படும் முதல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் விண்கல் டயலைப் பார்த்து வாய் பிளக்கும்போது, 1.15 மில்லிமீட்டருக்குள் ஒரு மிஷினை அடக்கியவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

முகத்தைப் பார்த்து ஏமாந்த அனுபவம் எனக்கே உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பைலட் கண்ணில் பட்டது. ஆரஞ்சு நிற டயல், நடுவில் ஒரு விமானம். 'அரிய மாடல்' என்றார் விற்றவர். வந்ததும் கட்டிக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போனேன். வாட்ச் ரிப்பேர் பாய் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கத்தி முனையால் பின்மூடியை நெம்பினார். பித்தளைச் சக்கரங்கள் நடுவே பேலன்ஸ் வீல் சன்னமாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மிஷின் அசல் சார். அம்பது வருஷம் தாராளமா இருக்கும்."

அப்புறம் வாட்சைத் திருப்பினார். "முகம் போன வருஷம் பொறந்தது."

பழைய டயலைச் சுரண்டிவிட்டு, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் புதிது அடித்து ஒட்டுகிற தொழில் ஜோராக நடக்கிறதாம். எழுத்தின் விளிம்பு பிசிறடிப்பதை அவர் காட்டியபிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூடவே கொண்டுபோயிருந்த அப்பாவின் பைலட்டைப் பக்கத்தில் வைத்தார். அதன் எண்கள் மங்கியிருந்தன. ஆனால் ஒரு பிசிறு கிடையாது.

ஆரஞ்சு வாட்சை நான் தூக்கிப் போடவில்லை. அதுவும் ஓடுகிறது, நாளுக்கு மூன்று நிமிஷம் பிந்தி.

வாட்ச் வாங்கப் போகிறீர்களா? டயலைப் பார்த்து மயங்குங்கள், தப்பே இல்லை. பழைய வாட்சாக இருந்தால் மட்டும், பணத்தை எடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டயலை ஒரு லென்ஸ் வழியாகவும் பாருங்கள்.