பசியும் மூளையும்

வகுப்பறையிலே இருவகை மாணாக்கர் பழிச்சொல்லுக்கு ஆளாவதுண்டு. காலையுணவின்றி வந்து, பாடத்திற் கருத்தூன்ற இயலாதிருப்பவன் ஒருவன். அவனைச் சோம்பேறி என்கிறோம். உடல் பருத்தவன் மற்றொருவன். அவனை வாயைக் கட்டத் தெரியாதவன் என்கிறோம். இப்பழிகள் பொருந்துவனவா என்பதை, பசியைப்பற்றி உடற்றொழிலியல் கண்ட உண்மைகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரைப்பை வெறுமையாதலே பசி என்பது பொதுமக்கள் கருத்து. ஆனால், அறுவைச் சிகிச்சையினால் இரைப்பை முழுவதும் நீக்கப்பட்டோரும் பசியை உணர்கின்றனர். ஆகவே, பசி தோன்றுமிடம் வயிறன்று, மூளையே எனல் வேண்டும். அங்ஙனமாயின், உடலின் உணவு நிலையை மூளை அறிவது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை காண உதவியவை சில சுண்டெலிகள். அமெரிக்காவில் மேயின் மாநிலத்துப் பார் ஹாபர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்திலே, ஓயாது உண்டு அளவின்றிப் பருக்கும் ஒரு சுண்டெலியினம் தோன்றியது 1950ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் அதனையொத்த இரண்டாம் இனமொன்றும் அறிவிக்கப்பட்டது. அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் கோல்மன், குருதி ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லுமாறு ஈரெலிகளை இணைத்துப் பரிசோதித்தார். இரண்டாமினத்து எலியோடு இணைக்கப்பட்ட சாதாரண எலி உண்ணாதொழிந்து பட்டினியால் இறந்தது; முதலினத்து எலிக்கும் அதுவே முடிவாயிற்று. சாதாரண எலியோடு இணைக்கப்பட்ட முதலினத்து எலியோ முன்னிலும் பார்க்கக் குறைவாக உண்டது. எனவே, பசியை அடக்கும் பொருளொன்று குருதியில் உள்ளதென்றும், முதலினம் அதனை ஆக்க இயலாததென்றும், இரண்டாமினம் அதனை மிகுதியாக ஆக்கியும் உணர இயலாததென்றும் அவர் முடிவு செய்தார்.

அப்பொருள் யாதென 1994ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நியூயோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெவ்ரி பிறீட்மன் குழுவினர், முதலினத்திற் பழுதுற்றிருந்த பரம்பரையலகைக் கண்டுபிடித்தனர். அது ஆக்கும் ஓமோனுக்கு, 'மெலிந்த' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் எனப் பெயரிட்டனர். இதனைச் சுரப்பது கொழுப்பிழையம். கொழுப்பு மிகின் லெப்டின் மிகும், குறையின் குறையும். 1999ஆம் ஆண்டில் கொஜிமா, கங்காவா என்னும் யப்பானிய அறிஞர்கள் இதற்கு எதிரான தொழிலுடைய கிரெலினைக் கண்டனர். இரைப்பை சுரக்கும் இவ்வோமோன் உணவுக்கு முன் உயர்ந்து, உண்டபின் தாழும். விரதமிருப்போர், வழக்கமான உணவு வேளையில் எழும் பசி உண்ணாமலே சற்றுத் தணிவதை அறிவர். கிரெலினும் பழகிய வேளைகளில் உயர்ந்து, உண்ணாவிடினும் பின்னர்த் தாழ்வதைக் குருதிச் சோதனைகள் காட்டியுள்ளன.

இனி, இவ்வோமோன்கள் மூளையில் ஆற்றுந் தொழிலைக் காண்போம். ஐப்போதலமசு எனப்படும் பரிவகக்கீழின் அடிப்புறத்தே, வில்போல் வளைந்த சிறு பகுதியொன்றுண்டு. அங்கே இருவகை நரம்புக்கலங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒருவகை பசியை எழுப்பும். மற்றையது அதனைத் தணிக்கும். நரம்புக்கலமொன்றின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு நிலவுகின்றது. அவ்வேறுபாடு ஓர் எல்லைக்குக் குறையின், அக்கலத்தில் மின்துடிப்பு எழுந்து அடுத்த கலங்களுக்குச் செய்தி செல்லும். லெப்டின் தணிக்குங் கலங்களில் அவ்வேறுபாட்டைக் குறைத்து அவற்றை விரைந்து துடிக்கச் செய்வதை 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கிரெலினோ எழுப்புங் கலங்களைத் தூண்டுகின்றது. எழுப்புங் கலங்கள் பசியைத் தூண்டுவதோடு அமையாது, தணிக்குங் கலங்களை அடக்கும் பொருளையுஞ் சுரக்கின்றன. கிணற்றுத் துலாவில் ஒருமுனை தாழ மறுமுனை உயர்வது போல்வதே இவ்விரண்டின் நிலையுமாகும்.

பசியெழுப்புங் கலங்களின் ஆற்றல் வியப்புக்குரியது. 2005ஆம் ஆண்டில், வளர்ந்த சுண்டெலிகளில் அக்கலங்கள் மட்டும் அழிக்கப்பட்டபோது, அவை உணவிருந்தும் உண்ணாது மெலிந்தன. 2011ஆம் ஆண்டில், அக்கலங்கள் ஒளியினால் தூண்டப்பட்டபோது, வயிறு நிறைந்த எலிகளும் சில நிமிடங்களில் ஆவலோடு உண்ணத் தொடங்கின. பசித்த எலி உணவைக் கண்டு முகர்ந்த அளவிலேயே, ஒரு கவளமும் உண்ணுமுன், அக்கலங்களின் துடிப்புக் குறைவது 2015ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஓமோன்கள் மெல்லக் கொணருஞ் செய்தியோடு, கண்ணும் மூக்கும் விரைந்து தருஞ் செய்தியையும் அவை ஏற்கின்றன என்பது இதனாற் பெறப்படும்.

மனிதருக்கும் இவ்வுண்மை பொருந்துமா? 1997ஆம் ஆண்டில், பிறப்பிலேயே லெப்டினை ஆக்க இயலாத இரு குழந்தைகளைப்பற்றிக் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர் அறிவித்தனர். அவருள் ஒருவர் எட்டு வயதில் 86 கிலோகிராம் நிறையுடையவராயிருந்தார். லெப்டின் ஊசி மருந்தாக அளிக்கப்பட்டபோது அடங்காத அப்பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோகிராமுக்கு மேல் நிறை குறைந்தது. அடக்கமின்மை என எண்ணப்படக்கூடியது ஓர் ஓமோனின் இன்மையாக இருந்தது.

எனினும், பருத்தோர் யாவர்க்கும் லெப்டின் மருந்தாகாது. அவருட் பெரும்பாலோரின் குருதியில் அது மிகுந்தே இருக்கின்றது. மூளையே அதனைப் போதிய அளவு உணர்வதில்லை. மேலும், ஒருவர் உணவைச் சுருக்கி மெலியும்போது லெப்டின் குறைகின்றது, கிரெலின் உயர்கின்றது. மூளை அதனைப் பஞ்சமெனக் கொண்டு பசியை மிகுவிக்கின்றது. அரிதின் இழந்த நிறை மீண்டும் ஏறுவதற்கு இதுவுமொரு காரணமாம்.

இதனால் உணவொழுக்கமும் முயற்சியும் வேண்டா என்பது கருத்தன்று. அம்முயற்சி எத்துணை வலிய எதிர்ப்பினூடே செய்யப்படுகின்றது என்பதை உணர்தல் வேண்டும் என்பதே கருத்து. பசித்த மாணவனின் கருத்து உணவை நாடுவது அவனது குற்றமன்று. அவ்வாறு நாடச் செய்வதே அக்கலங்களின் தொழில். அவனுக்கு முதலில் வேண்டுவது கண்டனமன்று, உணவே. பருத்த மாணவனுக்கு வேண்டுவது ஏளனமன்று, துணையே. பசியைப் பிணியென வழங்கிய நம் முன்னோர், பிணியுற்றாரிடத்துக் கொள்ளவேண்டிய மனநிலையையும் அச்சொல்லிலேயே உணர்த்திச் சென்றனர்.