விபத்தும் இழப்பீடும்

'இழப்பீடு' என்பதில் 'ஈடு' சமன் எனப் பொருள்படும். இழந்த கையை நீதிமன்றம் மீட்டுத் தராது. பணத்தால் ஈடு செய்யவே முயலும்.

பிறர் கவனக்குறைவால் காயமுற்றவர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும்: மற்றவர்க்குக் கவனமாயிருக்கும் கடமை இருந்தது, அதில் அவர் தவறினார், அத்தவற்றாலேயே கேடு விளைந்தது. தம்மிடமும் தவறிருப்பின், 1956ஆம் ஆண்டுக் குடியியல் சட்டப்படி, அதற்கேற்பத் தொகை குறையுமேயன்றி உரிமை அழியாது.

தீபகற்ப மலேசியாவில் காயத்திற்கு 6 ஆண்டுக்குள் வழக்கிடலாம். இறந்தவரை நம்பி வாழ்ந்தோர்க்கு 3 ஆண்டே. எதிரி அரசாங்கமாயின் 36 மாதம்.

சாலை விபத்தில் கணவரை இழந்த தாய் ஒருவர், மனு எழுதித் தருமாறு நான்காம் ஆண்டில் என்னிடம் வந்தார். போலீஸ் புகார், மருத்துவமனைச் சீட்டு, சம்பளச் சீட்டு யாவும் பத்திரமாக வைத்திருந்தார். காலந்தான் கடந்துவிட்டது. ஆசிரிய அன்பர்களே, இவ்வரம்பைப் பெற்றோர்க்கு இன்றே எடுத்துரைப்பீர்!