ஓலை வாசிக்கும்போது கேட்காத கேள்வி

திருச்சி கைலாசபுரத்தில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் எல்லாப் பிரிவும் சுவருக்குச் சுவர் ஒட்டிக் குடியிருக்கிறது. 1965-இல் பெல் ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். நெல்லைச் சீமையிலிருந்து வந்த சி.எஸ்.ஐ.காரர்கள், லால்குடி, புறத்தாக்குடிப் பக்கத்து ஆர்.சி.கள், தஞ்சாவூர் லுத்தரன்கள், சொந்த ஊர் எது என்று கேட்டால் ‘இரட்சிக்கப்பட்டு இருபது வருஷம்’ என்று பதில் சொல்லும் பெந்தெகொஸ்தேக்காரர்கள். கிறிஸ்துமஸ் கேக் வீட்டுக்கு வீடு போகும். ஞானஸ்நானத்தில் தண்ணீரைத் தெளிப்பதா, ஆளையே முழுக்குவதா என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒரே பாலினத்தவர் திருமணத்தில் கிறிஸ்தவர்களுக்குள் ஏன் இவ்வளவு சண்டை என்று எழுதித் தரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குவார்ட்டர்ஸ் தெருக்களில் சுற்றினேன். சண்டையே இல்லை. பேசிய நாலு பேரும் ‘கூடாது’ என்றார்கள். கட்டுரை போயிற்று என்று நினைத்தேன். ஏன் கூடாது என்று கேட்ட பிறகுதான் கட்டுரை கிடைத்தது. அந்த நாலு பதிலும் நாலு வேறு மதத்திலிருந்து வந்தவை போல இருந்தன.

முதலாமவர் ஓய்வுபெற்ற வெல்டர், நெல்லைச் சீமை நாசரேத் பக்கத்துக்காரர். “வேதத்துல எழுதியிருக்கா, இல்லியா? எழுதியிருந்தா அதுக்கு மேல பேச என்ன இருக்கு தம்பி?” என்றார். அவர் மடியில் இருந்தது, ஓரம் சிவந்த பழைய திருப்புதல். ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பைத்தான் சீர்திருத்தச் சபை வீடுகளில் இன்னமும் வாசிக்கிறார்கள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கொரிந்தியர் ஆறு ஒன்பதை எடுங்க” என்றேன். பவுல் அங்கே ஒரு பட்டியல் போடுகிறார். கிரேக்க மூலத்தில் அடுத்தடுத்து இரண்டு சொற்கள் வரும். முதலாவது ‘மலாக்கோய்’. நேர்ப்பொருள், மென்மையானவர்கள். இதற்குத் தமிழில் இருப்பது ‘சுயபுணர்ச்சிக்காரர்’! மென்மைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணாச்சியும் யோசித்தார், நானும் யோசித்தேன். இரண்டாவது, ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரண்டையும் ஒட்டவைத்த சொல். பவுலுக்கு முன்னால் அந்தச் சொல்லை எழுத்தில் பார்க்க முடியவில்லை. லேவியராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, அங்கிருந்துதான் பவுல் எடுத்தார், ஆகவே தடை தெளிவு என்கிறது ஒரு தரப்பு. அந்தக் காலத்து ரோமாபுரியில் எஜமான் அடிமைப் பையனிடம் நடந்துகொண்ட விதத்தைத்தான் அவர் கண்டித்தார், மனமொத்த இருவரின் வாழ்க்கையை அல்ல என்கிறது இன்னொரு தரப்பு. இதே தமிழ் வேதத்தில், அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுக்கிற எத்தியோப்பியர், மூலத்தில் அண்ணகர். தமிழில் அவர் வெறும் ‘மந்திரி’ ஆகிவிட்டார். ஓரிடத்தில் இல்லாததைச் சேர்த்திருக்கிறார்கள், ஓரிடத்தில் இருந்ததை மூடியிருக்கிறார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருந்தாலும் ஆதாமுக்கு ஏவாளத்தான குடுத்தாரு” என்றார். வசனத்தை நம்புகிறவருக்கு ஒரு வசனம் ஆட்டம் கண்டால் இன்னொன்று தயாராக இருக்கும். அது பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய வீடே அந்தப் புத்தகத்தின்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது ஆள், ஆர்.சி. உபதேசியார். அவர் வசனத்தைத் தொடவே இல்லை. “அது அப்புறங்க. எங்களுக்குக் கல்யாணம் அருட்சாதனம். ஏழுல ஒண்ணு. அதை மாத்த பாப்பரசருக்கே அதிகாரம் கிடையாது.” கத்தோலிக்கத் திருமணத்தைச் சாமியார் நடத்திவைக்கிறார் என்று வெளியே நினைக்கிறோம். லத்தீன் முறைப்படி அந்த அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வது மணமக்களே, சாமியார் திருச்சபையின் சாட்சி. பிள்ளைப்பேற்றுக்குக் கதவைத் திறந்துவைப்பது அந்தச் சம்மதத்தின் உள்ளேயே இருக்கிறது என்பது அவர்கள் போதனை. 2023 டிசம்பர் 18-இல், வழிபாட்டுச் சடங்காகவோ திருமணம் போன்ற தோற்றத்திலோ இல்லாமல், ஒரே பாலின இணையருக்கு எளிய ஆசீர் தரலாம் என்று வத்திக்கான் சொன்னது. அதே அறிக்கை திருமணப் போதனையில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இதற்கே ஆப்பிரிக்க ஆயர்களில் பெரும்பாலோர் ‘எங்கள் ஊரில் இல்லை’ என்று அடுத்த மாதமே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது, ஓய்வுபெற்ற லுத்தரன் டீச்சர். இவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. “எங்க லுத்தர், கல்யாணம் உலகக் காரியம்னு சொன்னவர். ஞானஸ்நானமும் இராப்போஜனமும்தான் எங்களுக்குச் சாக்கிரமெந்து.” அதாவது, திருமணம் அரசின் கையில் இருப்பது. சபை அதை ஆசீர்வதிக்கிறது. அப்படியானால் அரசு சட்டத்தை மாற்றினால் சபையும் மாற்றலாமே? சுவீடனில் அதுதான் நடந்தது. 2009 மே மாதம் அந்நாட்டுச் சட்டம் ஒரே பாலினத் திருமணத்தை ஏற்றது. அக்டோபரில் சுவீடன் திருச்சபை, அவற்றை ஆலயத்திலேயே நடத்தத் தீர்மானம் போட்டது. சுவீடன் எங்கோ இருக்கிறது என்று திருச்சிக்காரர் சொல்ல முடியாது. திருச்சி தரங்கைவாசத்தில் தலைமையகம் வைத்திருக்கும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஜெர்மன் மிஷனும் சுவீடன் மிஷனும் வளர்த்து 1919-இல் தனிச்சபையானது. 1921-இல் வந்த அதன் முதல் பேராயரே சுவீடன்காரர். அங்கே தாய்ச்சபை இரண்டு பெண்களுக்கு மோதிரம் மாற்றுகிறது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. எத்தியோப்பியாவின் லுத்தரன் சபை 2013-இல் சுவீடனோடு உறவையே முறித்துக்கொண்டது. “நாம முறிச்சுக்கவும் இல்லை, ஏத்துக்கவும் இல்லை சார். கடிதத்துல அந்தப் பாரா வந்தா தாண்டிப் படிச்சிருவோம்” என்று டீச்சர் சிரித்தார்.

1860-இல் இந்திய தண்டனைச் சட்டம், அதில் ஒரே பாலின உறவையும் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு. 1871-இல் இந்தத் தமிழ் வேதம். 1872-இல் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். பன்னிரண்டே வருடங்களில் வந்த மூன்று ஆவணங்கள். ஓய்வுபெற்ற ஒரு வெல்டரின் மனச்சாட்சிக்குள் இவை மூன்றும் ஒன்றாக உருகி ஒட்டியிருக்கின்றன. 377-இன் பிடியை 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. 2023 அக்டோபர் 17-இல், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல, அது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டியது என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். ஆகவே இந்தியாவில் எந்தப் போதகர் முன்னாலும் இப்போதைக்கு இந்தக் கேள்வி வந்து நிற்கப்போவதில்லை. ஒரே பாலின இணையரையும் திறந்த கையோடு ஏற்க வேண்டும் என்கிற இறையியலாளர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது கல்லூரி நூலகத்தைத் தாண்டி ஞாயிறு பிரசங்கத்துக்கு வந்து சேர்வதில்லை.

நாலாவது ஆள் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இளம் பெந்தெகொஸ்தே பாஸ்டர். மரியாதையான பிள்ளை, காபி வாங்கிக் கொடுத்தார். “அது ஒரு கட்டு பிரதர். உபவாசம் இருந்து ஜெபிச்சா அறுந்துபோகும். எத்தனையோ வாலிபர்களைப் பார்த்திருக்கோம். விடுதலையானதும் நல்ல பொண்ணாப் பார்த்துக் கல்யாணம் பண்ணி வெச்சிருவோம்.”

நல்ல பொண்ணு. என் உறவில் அப்படி ஒரு நல்ல பொண்ணு உண்டு. எந்த ஊர், எந்தச் சபை என்பது வேண்டாம். மாப்பிள்ளை நல்ல வேலை, குடிக்க மாட்டார், கொயரில் பாடுவார். கல்யாணமாகி மூன்று வருடம் அவள் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தாள். மாமியார் வாரத்துக்கு ஒரு ஜெபவீடு, மாதத்துக்கு ஒரு டாக்டர் என்று அழைத்துப் போனார். ஒருநாள் ராத்திரி அவனே அழுதுகொண்டு சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு முன்பே அம்மாவிடம் சொன்னானாம். அப்பா போதகரிடம் கொண்டுபோனாராம். எண்ணெய் பூசி ஜெபித்து, ‘முகூர்த்தத்தைத் தள்ளிப்போடாதீங்க’ என்று அனுப்பினார்களாம். இப்போது அவள் வேறு ஊரில் டியூஷன் எடுக்கிறாள். அவன் எங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், அந்த டியூஷன் டீச்சர் பக்கம். சுவீடன் என்ன செய்கிறது, ரோம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அப்புறம். திருமணம் பரிசுத்தமானது என்று நாலு பேரும் சொன்னார்கள். அப்படியானால் பொய்யென்று தெரிந்தே ஒரு திருமணத்தைப் பீடத்துக்கு முன் நிறுத்துவது என்ன பரிசுத்தம்? ஒரே பாலினத்தவரின் கல்யாணம் என்றால் கொதிக்கிற சபை, இந்தக் கல்யாணத்துக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

இதில் இறையியலைவிட ஜாதகமும் சாதியும்தான் வேலை செய்கின்றன என்பது என் சந்தேகம். ஜாதகத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம், சாதியை விட முடியாது. கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துக் கட்டிய சுவரைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேதத்தில் எங்கும் எழுதியிராத ஒன்றை இத்தனை தலைமுறையாகக் கைக்கொள்ள முடிகிற நாம், திருமணம் என்று வந்தால் மட்டும் வசனத்தின்படி நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறோம். வம்சம், சொத்து, அத்தை என்ன சொல்வாள், சித்தப்பா என்ன சொல்வார். இதுதான் நம் வீடுகளில் எழுதப்படாத ஐந்தாம் சுவிசேஷம். பையன் வாயைத் திறந்தால் இதெல்லாம் ஆடும். ஆகவே ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்.’

சரியாகாது. இயல்பான பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்கு 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. டாக்டர் செய்யக் கூடாததை எண்ணெய்க் குப்பியோடு செய்தால் மட்டும் சரியா?

திருச்சபையின் சொந்தச் சட்டத்துக்கே இப்படிப்பட்ட கல்யாணம் ஆகாது. சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது என்கிறது 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் செல்லாது, 1098-ஆம் விதி. பயத்தாலோ பலவந்தத்தாலோ பெற்றதும் செல்லாது, 1103-ஆம் விதி. எல்லாச் சபையாருக்கும் பொருந்துகிற 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டமும், பலவந்தத்தாலோ மோசடியாலோ பெற்ற சம்மதம் இருந்தால் அந்தத் திருமணத்தை இல்லாததாக்க வழி வைத்திருக்கிறது. பாஸ்டர் தம்பியிடம் இதைச் சொன்னேன். “அந்தப் பொண்ணைப் பத்தி நாங்க யோசிச்சதே இல்ல பிரதர்” என்றார். நேர்மையான பதில்.

குருமாரே, போதகர்களே, மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறீர்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்கிறீர்கள். அந்தத் தடையை எல்லாரையும்விட நன்றாக அறிந்த ஆள் முதல் வரிசையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் கோட் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சுய விருப்பமா, யாருடைய கட்டாயமாவது உண்டா என்ற கேள்வி உங்கள் விசாரணைப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஓலை எழுதுவதற்கு முந்தின நாள் அந்தப் பையனையும் தனியாக, அந்தப் பெண்ணையும் தனியாக உட்காரவைத்து, பெற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், சாமி. நீங்களும் கேளுங்கள், ஐயர் அவர்களே. பதில் வர அரை மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்திருங்கள்.