வேலையின்மையின் 'இயற்கை'

பொருளாதாரப் பாடநூல்களில் வரும் பிலிப்ஸ் வளைகோட்டை ஒரு பிரதியாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். கணக்குக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. யாருக்கு வேலை போகலாம் என்பதைப் பேசுகிற கோடு அது.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பணியாற்றிய நியூசிலாந்துக்காரர் ஏ.டபிள்யூ. பிலிப்ஸ் 1958இல் பிரிட்டனின் கூலி விவரங்களை ஆராய்ந்தார். 1861 முதல் 1913 வரையிலான ஆண்டுகளைக் கொண்டு கோட்டை வரைந்து, 1957 வரை வந்த ஆண்டுகளை அதன்மேல் வைத்துப் பார்த்தார். வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறுகிறது, ஏறக்குறைய 5.5 சதவீதமாக இருந்தால் கூலி அப்படியே நிற்கிறது. வாசலில் பத்துப் பேர் வேலைக்குக் காத்து நின்னா, உள்ளே இருப்பவன் கூலி கூடக் கேட்பானா? மார்க்ஸ் சேமப்பட்டாளம் என்றதற்கு இங்கே ஓர் எண் கிடைத்துவிட்டது.

1960இல் சாமுவேல்சனும் சோலோவும் இக்கோட்டை அமெரிக்காவுக்கு வரைந்தபோது அது ஒரு தேர்வுப் பட்டியலாயிற்று: விலையேற்றம் கொஞ்சமா, வேலையின்மை கொஞ்சமா, எது வேணும்? 1967இல் மில்டன் ஃப்ரீட்மன் இதை மறுத்தார். விலை ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்த்துவிட்டால் கூலியும் அதற்கேற்பக் கேட்கப்படும், கோடே மேலே நகரும், வேலையின்மை பழைய இடத்துக்குத் திரும்பும் என்றார். அந்த இடத்துக்கு 'இயற்கை விகிதம்' என்று பெயர் வைத்தார். 1970களில் விலையும் வேலையின்மையும் சேர்ந்தே ஏற, அவர் சொல் நிலைத்தது.

அந்தச் சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். சட்டங்களும் சங்கங்களும் இவ்விகிதத்தை மாற்றும் என்று ஃப்ரீட்மனே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் 'இயற்கை' என்றதுமே அது மழை, வெயில் மாதிரி ஆகிவிடுகிறது, யாரும் பொறுப்பில்லை. இத்தனைக்கும் இவ்விகிதத்தை நேரடியாக அளக்க முடியாது. விலை, கூலி விவரங்களிலிருந்து பின்னோக்கி ஊகித்து எடுப்பதுதான். 1990களின் நடுவில் அமெரிக்காவில் அது 6 சதவீதத்தை ஒட்டி இருப்பதாகப் பலர் மதிப்பிட்டார்கள். 2000இல் வேலையின்மை 4 சதவீதத்துக்கு இறங்கியும் விலை பாய்ந்து ஏறவில்லை. மதிப்பீட்டைத்தான் இறக்கிக்கொண்டார்கள்.

2022 ஜூனில் அமெரிக்க விலையேற்றம் 9.1 சதவீதம். அதை அடக்க ஐந்தாண்டுகள் 5 சதவீதத்துக்கு மேல், அல்லது ஓராண்டு 10 சதவீத வேலையின்மை தேவை என்றார் முன்னாள் நிதியமைச்சர் லாரன்ஸ் சம்மர்ஸ். 10 சதவீதம் என்றால் கூடுதலாக ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வேலையிழப்பது. மத்திய வங்கி வட்டியை வேகமாக ஏற்றியது உண்மை. விலையேற்றம் தணிந்ததில் வட்டிக்கு எவ்வளவு பங்கு, சரக்கு வரத்து சீரானதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் தனி. 2023 ஜூனில் விலையேற்றம் 3 சதவீதம். வேலையின்மை 3.6 சதவீதம்தான்.

முன்கணிப்பு தப்பலாம், எந்தக் கணிப்புக்கும் அது உண்டு. தப்பினால் யார் தலையில் விடியும் என்பதை நாம் கேட்டாக வேண்டும். கணித்தவருக்கு வேலை போவதில்லை.